எதிரி வீட்டுச் சாவில் என் தம்பி கிடைத்தான்

சபையாரே, நான் மீன் விற்கிற பொம்பளை. மெல்லப் பேச வராது. மைக் வேண்டாம் என்று போதகர் ஐயாவிடம் முன்னாடியே சொல்லிவிட்டேன். இந்த இடத்தில் நின்று சாட்சி சொன்னவர்கள் எல்லாரும் வியாதி தீர்ந்தது, வேலை கிடைத்தது என்று முகம் மலர்ந்து சொன்னீர்கள். என் சாட்சி அப்படி இருக்காது. இதில் கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தை முந்தானையில் மூடிக்கொண்டு ஆண்டவர் செய்ததை மட்டும் சொன்னால் அது பாதிச் சாட்சிதான். எனக்குப் பாதி சொல்லத் தெரியாது.

என் பெயர் கஸ்தூரி. ஞானஸ்நானம் எடுத்தபோதும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. எண்ணூர் போகிற கடற்கரைச் சாலையில் எங்கள் குப்பம். அங்கிருந்து வடக்கே, முகத்துவாரத்தை ஒட்டி அவர்கள் குப்பம். இரண்டும் ஒரே சனம். பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். சுனாமி வருவதற்கு முந்தின வருடம் வலைத் தகராறு வந்தது. எங்கள் தண்ணீரில் அவர்கள் பெரிய வலையை இறக்கினார்கள். நாங்கள் வலையை அறுத்தோம். அவர்கள் எங்கள் படகுகளைக் கொளுத்தினார்கள், என் வீட்டுக்காரரின் படகும் அதில் போனது. அதற்குப் பிறகு நடந்ததைத் தகராறு என்று சொன்னால் வாய் வெந்துபோகும். அது போர். அவர்கள் எல்லைக்குள் நாங்கள் போனால் வெட்டு, எங்கள் எல்லைக்குள் அவர்கள் வந்தால் வெட்டு. இரண்டு பக்கமும் போலீஸ் வேன் நின்றது. நின்றது, அவ்வளவுதான்.

ஆனி மாதம் ஒரு காலையில் என் வீட்டுக்காரர் ஆறுமுகமும் என் தம்பி சேகரும் இரவல் படகு ஒன்றில் போனார்கள். முகத்துவாரத்துக்கு நேரே அவர்கள் படகு வந்து மோதியது. அதில் இருந்தவன் குமரேசன். அந்தக் குப்பத்துக்கே அவன்தான் தலைவன் மாதிரி. துடுப்பால் என் வீட்டுக்காரரின் மண்டையில் அடித்தான். ஒரே அடி. அவர் தண்ணீரில் விழுந்தார். சேகர் நீந்திக் கரைக்கு வந்து சொன்னான். இவர் பிணமாக ஒதுங்கினார். முகத்தைப் பார்க்கக்கூட விடவில்லை என்னை.

கண்ணால் பார்த்த ஒரே சாட்சி சேகர். கேஸ் அவன் வாயில் இருந்தது. ஸ்டேஷனுக்கு வாக்குமூலம் கொடுக்கப் போனவனை வழியிலேயே ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸ் போய்த் தேடியது. தேட வருகிறார்கள் என்று தெரிந்ததும் அவனைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோய்விடுவார்களாம். வெறுங்கையோடு திரும்பி வந்த போலீஸ், உன் தம்பி எங்கேயாவது ஓடிப்போயிருப்பான் அம்மா என்றது. அன்று சாயங்காலமே எனக்குச் சேதி வந்தது. கேஸை வாபஸ் வாங்கு, தம்பி வருவான். இல்லாவிட்டால் புருஷன் போன வழிக்கே அவனும் போவான்.

புருஷனை விட்டுக்கொடுப்பதா, தம்பியை விட்டுக்கொடுப்பதா? அம்மா செத்தபோது என் இடுப்பில் ஏறின பிள்ளை அவன். என் கையால் சோறு தின்று வளர்ந்தவன்.

எங்கள் ஊர் ஆம்பிளைகள் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

"அக்கா, நீ ஒரு வார்த்த சொல்லு. பூந்து அள்ளிகினு வந்துர்றோம்."

"நீங்க பூந்தீங்கன்னா அவன பொணமா தான்டா தூக்கிகினு வருவீங்க. போங்கடா அந்தாண்ட" என்று விரட்டினேன்.

பிறகு மணலில் முழங்கால் போட்டேன். தினமும் விடியும் முன்னே, கூடையை எடுக்கும் முன்னே, முழங்கால் போட்டேன். இரண்டே இரண்டு கேட்டேன். ஒன்று, என் தம்பியை உயிரோடு கொடும். இரண்டு, குமரேசன் பெண்டாட்டி தாலியை அறுத்துப் போடும். நான் நின்ற மாதிரியே அவளும் வெறும் நெற்றியோடு நிற்கணும். இதை வாய்விட்டுக் கேட்டேன். பக்கத்துக் குடிசைக்காரி எழுந்து வந்து, "இன்னாக்கா இது, சாமிகிட்ட கேக்கற கேள்வியா இது?" என்றாள். ஆமாம், இதுதான் கேள்வி என்றேன்.

குமரேசன் பெண்டாட்டி யாரென்று தெரியாமல் கேட்கவில்லை. அவள் தேசம்மா. போர் வருவதற்கு முன்னே காசிமேட்டில் ஏலம் எடுத்துவிட்டு நானும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்றவர்கள். நான் விசுவாசத்துக்கு வந்தபிறகு தும்மினால் ஸ்தோத்திரம், தராசு தட்டு சாய்ந்தால் ஸ்தோத்திரம். நம் சபைச் சனத்துக்கே அது வாயில் ஒட்டிக்கொண்ட வார்த்தை. அவள் எனக்கு ஸ்தோத்திரக்காரி என்று பெயர் வைத்துவிட்டாள். அவள் டீயில் பாதியை நான் குடித்திருக்கிறேன். அப்படியும் அவள் தாலியைத்தான் கேட்டேன். சபையாரே, கேட்டதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆடி மாதம் ஒரு நாள் காலையில் கரையில் நின்றபோது வடக்கே ஒரு படகும் இறங்கவில்லை. நல்ல கடல், நல்ல காற்று, ஆனால் ஒரு படகு இல்லை. எங்கள் பக்கத்தில் ஊரில் பிணம் கிடந்தால் எடுக்கிற வரைக்கும் யாரும் கடலில் இறங்க மாட்டோம். அவர்கள் ஊரில் சாவு என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் சேதியும் வந்தது. குமரேசனின் அம்மா செத்துப்போனாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கும் அதற்கு வெட்கப்படவில்லை. அவன் வீட்டில் ஒப்பாரி கேட்கட்டும் என்று மணலிலேயே உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஆண்டவர் என் மண்டையில் தட்டினார். அடி பைத்தியக்காரி, கதவு திறந்திருக்கிறது, நீ உட்கார்ந்து சிரிக்கிறாயே என்று.

எழவு வீட்டுக்கு வருகிற பொம்பளையை யாரும் நீ யார் என்று கேட்பதில்லை. தலையை விரித்துப் போட்டு மாரில் அடித்துக்கொண்டு வருகிறவளை நிறுத்தி முகத்தைப் பார்க்கிற ஆள் உலகத்தில் இல்லை. அதோடு, பிணம் கிளம்பினால் ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரும் சுடுகாட்டுக்குப் போயாகணும். ஊரில் பொம்பளைகள் மட்டும்தான் இருப்பார்கள். அந்த நேரம் எனக்குப் போதும்.

யாரிடமும் சொல்லவில்லை. மீன் அரிகிற சின்னக் கத்தியைத் துணியில் சுற்றி இடுப்பில் சொருகிக்கொண்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள், உங்களுக்கே தெரியும். நேராக வடக்கே போனால் எங்கள் ஆட்களே பார்த்துவிடுவார்கள். அதனால் தெற்கே பஸ் ஏறித் திருவொற்றியூரில் இறங்கி ஒரு மாலை வாங்கினேன். எண்ணூர் பஸ்ஸில் பழவேற்காட்டிலிருந்து சுற்றி அந்தச் சாவுக்குப் போகிற உறவுக்காரப் பொம்பளைகள் ஒரு கூட்டமாக அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் போய் நடுவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். ஒருத்தி என் தோளில் சாய்ந்துகொண்டாள். எந்த வழியில் சொந்தம் என்றுகூடக் கேட்கவில்லை, பாவம்.

வழியில் கண்டெய்னர் லாரி வரிசை. பஸ் அசையவே இல்லை. பிணத்தை எடுத்துவிட்டால் ஆம்பிளைகள் திரும்பிவிடுவார்கள், எல்லாம் போச்சு. ஆண்டவரே, ஒரு லாரியையாவது நகர்த்தும், அந்தக் கிழவியைக் கொஞ்ச நேரம் வீட்டிலேயே வையும் என்று வயிறு எரிய ஜெபித்தேன். பஸ் நகர்ந்தது. குப்பத்து வாசலில் போலீஸ் வேன். எங்களைப் பார்த்ததும் ஏட்டு தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார். அவர்கள் தெருவுக்குள் என் கால் பட்டது. தெருமுனையில் கத்தியை லுங்கிக்குள் வைத்துக்கொண்டு நின்ற பையன்கள் எங்களைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் வீட்டுக்காரரின் படகைக் கொளுத்தினவன் ஒருத்தனும் அதில் நின்றான்.

வீட்டு வாசலில் பந்தல். நடுவே கிழவி. நான் மாலையைக் கால்மாட்டில் போட்டேன். போட்டுவிட்டு நிமிர்ந்தபோது என் இரண்டு கையும் தானாகக் குவிந்தது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று வாய் சத்தமாகச் சொல்லிவிட்டது.

ஐயோ! எழவு வீட்டில், சங்கு ஊதுகிற இடத்தில், எதிரி வாசலில் நின்றுகொண்டு ஸ்தோத்திரம் என்கிறேன். பக்கத்தில் இருந்த ஒரு பொம்பளை அழுகையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாது? இன்னா சொன்னா இவ?" என்றாள். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அப்போது தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் ஒரே பாய்ச்சலாக எழுந்து வந்தாள். தேசம்மா. "ஐயோ என் அத்த போய்ட்டியே!" என்று அலறிக்கொண்டே என் கழுத்தைக் கட்டிக் கீழே உட்காரவைத்தாள். தோளில் தோள், தலையில் தலை. நம் பக்கத்து எழவில் அப்படித்தான் கட்டிக்கொண்டு அழுவார்கள். இரண்டு பேர் முடியும் விரிந்து முகத்தை மூடிவிட்டது. வெளியே பார்க்கிறவர்களுக்கு இரண்டு பொம்பளைகள் உருண்டு அழுகிறார்கள். உள்ளே அவள் என் காதைக் கடிக்காத குறையாகப் பேசினாள்.

"ஏய் ஸ்தோத்திரக்காரி, இன்னாத்துக்குடி வந்த? கண்டுகினானுங்கன்னா கொத்திப் போட்ருவானுங்கடி!"

"என் தம்பி எங்க கீறான்? அத சொல்லு மொதல்ல."

"உசுரோட தான் கீறான். பின்னால ஐஸ் பொட்டி வெக்கற கொட்டாயில. இந்தக் கெழவி தான் கஞ்சி ஊத்திகினு இருந்துச்சி. இனிமே யாரு? காரியம் முடிஞ்சதும் கடலுக்கு இட்டுகினு போய் முடிச்சிர்றதுன்னு பேசிகினாங்க."

நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அவள் நடுநடுவே தலையைத் தூக்கி "என்ன வுட்டுப் போய்ட்டியே!" என்று ஒரு கூச்சல் போடுவாள், பிறகு மறுபடி குனிந்து என் காதுக்கு வருவாள்.

"சாவி என்கிட்ட தான்டி கீது. கொள்ளி வெக்கறவன் ஒத்தத் துணியோட நிக்கணுமில்ல, இடுப்புல இருந்தத எல்லாம் அவுத்து என் கையில குடுத்துட்டான். பொணம் போவட்டும். நா தெறக்கறேன். ஆனா எனக்கு நீ ஒண்ணு செய்யணும்."

"இன்னா?"

"உன் தம்பி கோர்ட்ல ஏறி நடந்தத சொல்லட்டும். நா வேணாங்கல. அவன உள்ள தள்ளு. உங்க ஊரு ஆம்பளைங்க மட்டும் அவன் உசுர எடுக்கக் கூடாது. ரெண்டு புள்ளைங்கள வெச்சிகினு நா தாலி அறுத்துகினு நிக்க முடியாதுடி."

அவள் தாலி அந்த நேரத்தில் என் கழுத்தில் உரசிக்கொண்டிருந்தது. காலையில்தான் அதை அறுக்கச் சொல்லி முழங்கால் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவளுக்கு அது தெரியாது. சரி என்றேன். வேறு என்ன சொல்வேன்?

கொஞ்ச நேரத்தில் குமரேசன் வந்தான். தாய்க்குக் கடைசிப் பிள்ளைதான் கொள்ளி போடுவது. தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு வந்து எனக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினான். வாய்க்கரிசி போடக் குனிந்தான். பிடரி தெரிந்தது. கை நீட்டினால் எட்டுகிற தூரம். என் கை இடுப்புக்குப் போய்விட்டது. ஆண்டவரே, நான் கேட்டவனை நீர் என் கையிலேயே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறீரே என்று நினைத்தேன். ஒரே இழுப்பு. ஆறுமுகத்துக்கு ஒரு அடி, இவனுக்கு ஒரு இழுப்பு. தேசம்மா என் கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் கையை எடுத்தேன். கருணை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இவனை வெட்டினால் சேகரை வெளியே கொண்டுபோக முடியாது. அதனால்தான் எடுத்தேன். பல்லை எவ்வளவு கடித்தேன் என்றால், மறுநாள் தாடை வீங்கிவிட்டது.

பிணம் கிளம்பியது. ஆம்பிளைகள் எல்லாரும் பறை பின்னாலேயே போனார்கள். தெருமுனையில் காவலுக்கு இரண்டு பையன்களை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். பொம்பளைகள் முனை வரை போய் அழுதுவிட்டு, வழக்கம்போல் குளிக்கக் கடலுக்குக் கிளம்பினார்கள். தேசம்மா என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். பூட்டைத் திறந்தாள்.

சேகர் மீன் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே கிடந்தான். கையும் காலும் நைலான் கயிற்றில் கட்டியிருந்தது. முகமெல்லாம் தாடி மண்டியிருந்தது. நான் யாரென்றே முதலில் தெரியவில்லை அவனுக்கு. "டேய் சேகரு, அக்காடா" என்றதும் தலையைத் தூக்கி என் பக்கம் உருண்டு வந்தான். குமரேசன் கழுத்துக்கு என்று கொண்டுபோன கத்தியால் அந்தக் கயிற்றை அறுத்தேன். நடக்க முடியவில்லை. தேசம்மா உள்ளே ஓடிப்போய்க் கிழவியின் புடவை ஒன்றைக் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அவனுக்குச் சுற்றி, முந்தானையை முகம் மறைய இழுத்துவிட்டோம். ஆளுக்கு ஒரு குடம் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டோம். மூன்று பேரும் நனைந்த பொம்பளைகளாக ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தோம். நான் மாரில் அடித்துக்கொண்டு அழுதேன்.

முனையில் இருந்த பையன்களில் ஒருத்தன், "யாருக்கா அது? நடக்கவே மாட்டறாங்க?" என்றான்.

"பழவேற்காட்டு சின்னம்மாடா, மயக்கம் போட்டுச்சி. ஈரத் துணியோட பொம்பளைங்க வர்றாங்க, இத்தாம் பெருசா கண்ணத் தொறந்துகினு பாக்கறியே, அறிவு கீதா உனக்கு?" என்று தேசம்மா ஒரு போடு போட்டாள். அவன் வெட்கப்பட்டுத் திரும்பி நின்றுகொண்டான்.

ரோடு வந்ததும் அவள் எங்களை விட்டாள். சாவியைக் கடலில் எறிந்துவிடுவேன், குளிக்கும்போது போனது என்று சொல்லிக்கொள்வேன் என்றாள். அடிப்பானேடி என்றேன். "தெனமும் தான் அடிக்கறான். நீ போ" என்றாள். வேனில் நின்ற போலீஸை நான் நம்பவில்லை, ஊருக்கும் போகவில்லை. பஸ்ஸில் பெண்கள் சீட்டில் தாடியோடு என் தம்பி முக்காடு போட்டு உட்கார்ந்து வந்தான். முக்காடு விலகாமல் நான் பிடித்துக்கொண்டே வந்தேன். தண்டையார்பேட்டையில் இறங்கி நேராக இந்தச் சபைக்குத்தான் வந்தோம். போதகர் ஐயா ஒரு வக்கீலைக் கூப்பிட்டார். மறுநாளே சேகர் மாஜிஸ்திரேட் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னான். குமரேசனைப் பிடித்தார்கள்.

சுலபமாக முடியவில்லை. நடுவில் அவன் ஜாமீனில் வெளியே வந்தான். எங்கள் ஊர் ஆம்பிளைகள் அவனை முடித்துவிடக் கிளம்பினார்கள். நான் ரோட்டின் குறுக்கே நின்றேன். "அவன் மேல கைய வெக்கறதா இருந்தா மொதல்ல என்ன கொத்திட்டு போங்கடா!" என்று கத்தினேன். என் புருஷனைக் கொன்றவனுக்கு நான் காவல்! ராத்திரி முழுக்க வயிறு எரிந்தது. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். வாய்தா வாய்தாவாக இழுத்துக் கடைசியில் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். கோர்ட்டு வராந்தாவில் போலீஸ் அவனை நடத்திக்கொண்டு போனபோது நான் எதிரே போய் நின்றேன். "நல்லா இருடா. நூறு வயசு இருடா" என்று வாழ்த்தினேன். அவன் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்கணும்.

மன்னித்துவிட்டாயா அம்மா என்று போதகர் ஐயா கேட்கிறார். இல்லை ஐயா. பொய்ச் சாட்சி சொல்ல இங்கே ஏறவில்லை. ஆனால் ஆண்டவர் என்னை எப்படி மடக்கிவிட்டார் பாருங்கள். நான் இரண்டு கேட்டேன். முதலாவதைக் கொடுத்தார், அதையும் எவள் தாலியை அறுக்கச் சொல்லிக் கேட்டேனோ அவள் கையாலேயே கொடுத்தார். இப்போது முழங்கால் போட்டு அவன் சாகணும் என்று வாயைத் திறந்தால் தேசம்மா முகம் வருகிறது. வாய் அடைத்துக்கொள்கிறது. அதனால் ஜெபத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆண்டவரே, குமரேசனுக்கு நீண்ட ஆயுசைக் கொடும். ஒரு காய்ச்சல், ஒரு தலைவலி அவனை அண்ட வேண்டாம். கிழவனாகி, பல் கொட்டி, முதுகு வளைந்து, ஒரு நாள் குறையாமல் அங்கேயே இருக்கட்டும். தினமும் இதைக் கேட்கிறேன். தினமும் கொடுக்கிறார்.

உங்களில் யார் வயிறாவது எரிந்துகொண்டிருந்தால் அந்த எரிச்சலோடேயே அவரிடம் போங்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு போகணும் என்று காத்திருக்காதீர்கள். என்னைத் துரத்தவில்லை அவர். சேகருக்குக் கல்யாணமாகி, தாடியைச் சுத்தமாக மழித்துக்கொண்டு, அதோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

தேசம்மா இப்போது பழையபடி காசிமேட்டில் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். நெற்றியில் எட்டணா அளவுக்கு ஒரு குங்குமப் பொட்டு வைப்பாள். கூடையை இறக்கினதும் நான் முதலில் அந்தப் பொட்டைத்தான் பார்ப்பேன். அது இருந்தால் அவன் உயிரோடு இருக்கிறான், உள்ளே இருக்கிறான். "இன்னாடி வந்ததும் என் மூஞ்சியவே பாக்கற?" என்பாள்.

"ஒண்ணுமில்லடி. ஸ்தோத்திரம்" என்பேன்.